இருபத்துநாலு மில்லிமீட்டர் பொய்

ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். திருட்டு, கொலை, ஆள்மாறாட்டம் என்று உலகத்தில் இதுவரை நடந்த, இனிமேல் நடக்கப்போகிற அத்தனை வழக்குகளும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம் என்று துப்பறிவாளர் அறிவித்தார். அறிவித்த இடம் ஒரு லிஃப்ட். கேட்டவர்கள் இரண்டு பேர்.

ஒருவன் அவருடைய உதவியாளன். மனைவியின் தம்பி என்பதால் வேலை தானாகவே கிடைத்தது. மச்சினன் என்ற பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. லிஃப்டில் ஒட்டியிருந்த 'எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது' என்ற அறிவிப்பை அவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அது எதுக்குடா?"

"நடுவுல நின்னுட்டா ஆதாரம் வேணுமில்ல, மாமா."

"டூட்டி நேரத்துல சார்."

"நின்னுட்டா ஆதாரம் வேணுமில்ல, சார்."

பார்க்கத் தெரியாதவன்தான் படம் பிடிப்பான், நகல் என்பது பயந்தாங்கொள்ளிகளின் கண்டுபிடிப்பு, தன் இருபது வருட அனுபவத்தில் ஒரு துண்டுக் காகிதத்துக்குக்கூட இரண்டாவது பிரதி வைத்துக்கொண்டதில்லை என்று துப்பறிவாளர் மூன்றாவது மாடி வரும்வரை விளக்கினார். மச்சினன் பணிவாகத் தலையாட்டினான். ஆட்டிய வேகத்தில் இன்னொரு படமும் விழுந்தது.

லிஃப்டில் இருந்த மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். இரும்பு நடைபாலங்கள் வடிவமைக்கும் இந்த நிறுவனத்தில் ஒன்பது வருடமாகச் சரிபார்ப்பாளர். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் கணக்குப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவது வேலை. ரயில் நிலைய நடைபாலம் ஒன்றின் வரைபடத்தில் இணைப்பு போல்ட் இருபது மில்லிமீட்டர் என்று இருந்தது. போதாது என்று கண்டுபிடித்து, ஆறாம் தேதி அதை இருபத்துநாலாக மாற்றிப் பொது ஃபோல்டரில் சேமித்ததாகச் சொன்னாள். பதினாறாம் தேதி எடை வைத்துச் சோதித்தபோது இணைப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. தொழிற்சாலை போட்டிருந்தது இருபது. பொது ஃபோல்டரில் இருந்ததும் இருபது. கீழே நின்ற ஃபிட்டர் ஒருவனின் இடது கால் நசுங்கியது.

அந்த ஃபிட்டர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்ததும், 'நீ பாக்கலையாக்கா'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டான், சார். பாத்தேன்டா, மாத்தினேன்டான்னு சொன்னேன். செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டான். அஞ்சு நாளாச்சு."

விபத்துக்கு மறுநாளே அவளுடைய கணினிக் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது; அவளாகத் திறந்து பார்க்க வழியில்லை. மாலை நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் இருபத்துநாலு எங்கே என்று காட்டாவிட்டால், அவள் சொன்னது பொய் என்று குழு எழுதிவிடும். எழுதியது தம்பியின் காதுக்கும் போகும். அவள் பயந்தது இரண்டாவதற்கு.

மணி ஒன்றரை.

*

நிறுவனத்துக்கு இரண்டு கட்டிடங்கள், நடுவில் ஒரு சாலை. சரிபார்ப்பாளரின் மேஜை புதுக்கட்டிடத்தில், சர்வர் அறை பழைய கட்டிடத்தில். அதன் பொறுப்பாளரை எல்லோரும் 'ஒருவாசல்' என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். காரணத்தை அவரே சொன்னார். முன்பெல்லாம் ஐந்து சர்வர், ஐந்துக்கும் தனித்தனி முகவரி. வரைபடம் ஒன்றில், கடிதம் ஒன்றில், விடுமுறை விண்ணப்பம் எதில் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடியே விடுமுறை எடுக்காமல் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேர். இப்போது எல்லாருக்கும் ஒரே முகவரி, பெயர் 'பொது'. அந்த வாசலில் நுழைந்தால் போதும். உள்ளே எந்த ஃபோல்டர் எந்த சர்வரில் கிடக்கிறது என்பது யாருக்கும் தேவையில்லாத கவலை.

துப்பறிவாளருக்கு மனம் குளிர்ந்தது. ஒரு பொருள், ஒரு வாசல். தன் கொள்கைக்கு இரும்பிலும் மின்சாரத்திலும் ஒரு கோயில் கட்டியிருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஒருவாசல் அன்பான மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், கேட்பதற்கு முன்பே வரைபடத்தைத் திறந்து காட்டினார். போல்ட் இருபது. கடைசியாகச் சேமித்தவர் தலைமை வரைவாளர், தேதி பன்னிரண்டு. அதற்கு முந்தைய சேமிப்புகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். எதிலும் இருபத்துநாலு இல்லை. எதிலும் சரிபார்ப்பாளரின் பெயரும் இல்லை.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"நான் சேமிச்சேன்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"மனசு ஒடஞ்சிருக்கிற நேரம்மா," என்றார் ஒருவாசல் இதமாக. "சேமிச்ச மாதிரி தோணும்." பிறகு துப்பறிவாளர் பக்கம் திரும்பி, மூன்றரை மணிக்குத் தனக்கு ஒரு சின்னப் பராமரிப்பு வேலை இருக்கிறது, பத்து நிமிடம் பொது திறக்காது, பார்க்கவேண்டியதை அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். குழு உட்காரும்போது எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

வெளியே வந்ததும் மச்சினன் மெதுவாகக் கேட்டான். "அந்தம்மா பொய் சொல்றாங்களா, மாமா?"

துப்பறிவாளர் 'சார்' என்று திருத்தவில்லை. அதுவே மச்சினனுக்குப் பயமாக இருந்தது.

*

தலைமை வரைவாளரை ஒரு வில்லனுக்கான எல்லாத் தகுதிகளோடும் கடவுள் படைத்திருந்தார். அடர்ந்த புருவம், கரகரப்பான குரல், ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்ட நாற்காலி. போதாததற்கு, ஐந்தாம் தேதி இதே போல்ட்டுக்காக அவருக்கும் சரிபார்ப்பாளருக்கும் அலுவலகமே வேடிக்கை பார்க்கும்படி சண்டை. முடிவில் "உங்க இஷ்டம், மாத்திக்குங்க" என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனதை அவரே ஒத்துக்கொண்டார். பன்னிரண்டாம் தேதி திறந்து பார்த்தால் இருபதாகவே இருந்ததாம்.

"அந்தம்மா மறுபடி கணக்குப் போட்டு, நாம சொன்னதுதான் சரின்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். தேதி போட்டேன், சேமிச்சேன், தொழிற்சாலைக்கு அனுப்பினேன்."

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றார் துப்பறிவாளர்.

"எதுக்கு? அதான் பொதுவுல இருக்கே."

ஒரே வாசல் வந்த நாளிலிருந்து இந்த அலுவலகத்தில் பேச்சு குறைந்துபோயிருக்கிறது என்று மச்சினன் அதற்குள் ஊகித்திருந்தான். எதைக் கேட்டாலும் 'பொதுவுல இருக்கு', யாரைக் கேட்டாலும் 'பொதுவுல பாருங்க'. சாலையின் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போயே வாரக்கணக்காகிறது.

போதாக்குறைக்குத் தலைமை வரைவாளருக்குப் புதுக்கட்டிடத்தின் மேல் ஒரு மனவருத்தம். அங்கே அனுப்புகைப் பிரிவில் இருக்கும் அம்மையார் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பொது ஃபோல்டரில் முதல் தேதியே ஒரு வெற்று வாழ்த்து அட்டை வைத்துவிட்டார்கள். பழைய கட்டிடத்தில் இருபத்துமூன்று பேரும் வாழ்த்து எழுதிவிட்டார்கள். அம்மையாரோடு முப்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட புதுக்கட்டிடத்து ஆட்களில் ஒருத்தருக்கும் ஒரு வரி எழுத மனம் வரவில்லை. பாருங்கள் என்று அட்டையைத் திறந்தே காட்டினார். 'இனிமேலாவது என் கடிதங்களைச் சரியான ஊருக்கு அனுப்பும் ஒருவர் வரட்டும்' என்று யாரோ வாழ்த்தியிருந்தது மச்சினனுக்குப் பிடித்துப்போய், திரையைப் படம் பிடித்துக்கொண்டான்.

துப்பறிவாளர் முறைத்தார். மச்சினன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பாவப்பட்ட அம்மையாரையே பார்த்துவிட்டு வருவதாகச் சாலையைக் கடந்தான்.

மணி மூன்று.

*

அனுப்புகைப் பிரிவின் அம்மையார் தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார். பழைய கட்டிடத்திலிருந்து வருகிறான் என்று தெரிந்ததும் முகம் கோணியது.

"அங்க எல்லாரும் சௌக்கியமா இருக்காங்களா? கை மட்டும் விளங்காம போச்சாமே."

மச்சினனுக்குப் புரியவில்லை. அம்மையார் தன் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். அதே வாழ்த்து அட்டை. அதே பொது, அதே ஃபோல்டர், அதே பெயர். அதில் பத்தொன்பது வாழ்த்துகள். அம்மையாரைத் தவிர புதுக்கட்டிடத்தில் வேலை பார்க்கும் பதினெட்டுப் பேருடையதும் இருந்தது. பழைய கட்டிடத்துக்காரர்களுடையது ஒன்றைத் தவிர எதுவுமே இல்லை.

"முப்பது வருஷம் அவங்க தபால நான் தூக்கியிருக்கேன்ப்பா. ஒருவாசல் மட்டும் எழுதியிருக்காரு. நல்ல மனுஷன்."

மச்சினன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தான். இருபத்துமூன்று வாழ்த்து. திரையைப் பார்த்தான். பத்தொன்பது. மறுபடியும் போனைப் பார்த்தான். இந்த அட்டையையும் படம் பிடித்துக்கொண்டான். துப்பறிவாளருக்குப் போன் போட்டான்.

"மாமா, அட்டை ரெண்டா இருக்கு."

"ஒரு பொருள் ஒரு நேரத்துல..."

"தெரியும் மாமா, லிஃப்ட்லயே கேட்டேன். ஆனா ரெண்டு இருக்கு. முகவரி ஒண்ணுதான். அங்க உக்காந்து தொறந்தா அவங்க வாழ்த்து, இங்க உக்காந்து தொறந்தா இவங்க வாழ்த்து."

அந்தப் பக்கம் நீண்ட மௌனம். இருபது வருடக் கொள்கை ஒன்று விழுந்து நொறுங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

"அந்தம்மாகிட்ட கேளு. அந்தக் கட்டிடத்துல சர்வர் இருக்கா?"

இருந்தது. புதுக்கட்டிடம் திறந்தபோது சாலை தாண்டி ஃபைல் திறக்கத் தாமதமாகிறது என்று எல்லோரும் புலம்ப, ஒருவாசல்தான் இங்கேயும் ஒரு சர்வரை வைத்தாராம். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குப் பக்கத்துச் சர்வர் திறக்கும். இங்கே எழுதினால் அங்கேயும், அங்கே எழுதினால் இங்கேயும் தானாகவே பதிந்துகொள்ளும்.

"பதிஞ்சுக்கறது நின்னுபோச்சு," என்றார் துப்பறிவாளர் போனில், மெதுவாக. "எப்பவோ நின்னுபோச்சு. மாப்ள, வரைபடத்தத் தொற."

அனுப்புகைப் பிரிவுக்கு வரைபடங்களைத் திறந்து பார்க்கவும் அச்சடிக்கவும் அனுமதி உண்டு. அம்மையார் திறந்தார். மச்சினன் குனிந்தான். இணைப்பு போல்ட், இருபத்துநாலு மில்லிமீட்டர். சேமித்தவர் சரிபார்ப்பாளர். ஆறாம் தேதி, பகல் பதினொன்று நாற்பது.

"இருக்கு மாமா. அக்கா பொய் சொல்லல."

"மூணரை மணிக்கு என்ன வேலைன்னு சொன்னாரு அந்தாளு?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மச்சினன் அம்மையாரிடம் கேட்டான்: ஒரே ஃபைலில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று இருந்து, நின்றுபோனதை மறுபடி ஓடவிட்டால் எது நிற்கும்?

"கடைசியா யார் சேமிச்சாங்களோ அதுதான் நிக்கும். முந்தினது போயே போச்சு. என் வருகைப் பட்டியல் ரெண்டு தடவ அப்படிப் போயிருக்கு. ஒருவாசல் தேடித் தந்தாத்தான் உண்டு."

ஆறாம் தேதி இருபத்துநாலு. பன்னிரண்டாம் தேதி இருபது. மூன்றரை மணிக்கு ஒரு பொத்தானை அழுத்தினால், உலகத்தில் இருபத்துநாலு என்று ஒன்று இருந்ததே இல்லை.

மணி மூன்று பதினாறு.

நிறுத்தச் சொன்னால் முந்திக்கொள்வார், சொல்லக்கூடாது என்றார் துப்பறிவாளர். தான் சர்வர் அறைக்குப் போய் ஒருவாசலைப் பேச்சில் பிடித்துவைப்பதாகவும், அதற்குள் அந்த வரைபடத்தைத் தாளில் எடுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அச்சாகும் ஒவ்வொரு தாளின் அடியிலும் எந்தச் சர்வர், யார் சேமித்தது, என்றைக்கு என்று தானாக விழும்; அது இந்த நிறுவனத்தின் பழைய விதி. போன் படத்தைக் குழு ஏற்காது, தாளை ஏற்கும்.

வரைபடத் தாள் ஆள் உயரம். அதை அச்சடிக்கிற இயந்திரம் கூடத்தின் கோடியில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. அம்மையார் உத்தரவைக் கொடுத்துவிட்டு, சூடாக ஏழெட்டு நிமிடம் ஆகும் என்றார். மச்சினன் அதன் முன்னால் நின்று, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவனைப் போலக் கையைப் பிசைந்தான். சட்டைப் பையில் போன் திறந்தே இருந்தது. சர்வர் அறைப் பேச்சு அதில் கேட்டது. துப்பறிவாளர் ஒருவாசலிடம், சர்வர்களுக்கு ஏன் இவ்வளவு குளிர் தேவைப்படுகிறது, கம்பளி போர்த்தினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று இருபத்துமூன்று. இயந்திரம் ஒரு முறை இருமியது. தாளின் நுனி தெரிந்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்றது போனில் ஒருவாசலின் குரல். இதம் இல்லாத குரல். "அந்தக் கட்டிடத்துல யாரோ வரைபடம் அச்சடிக்கறாங்களே."

"அப்படியா? அது கிடக்கட்டும், இந்தப் பச்ச விளக்கு எதுக்கு?"

விசைப்பலகைச் சத்தம் மட்டும் வந்தது. படபடவென்று, அவசரமாக.

அம்மையாரின் திரை ஒரு கணம் வெளுத்தது. மறுபடி ஃபோல்டர் தெரிந்தது. அம்மையார் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார். இணைப்பு போல்ட், இருபது மில்லிமீட்டர்.

மச்சினன் இயந்திரத்தைப் பார்த்தான். அது பாதித் தாளைத் துப்பியிருந்தது. மேலே பாலத்தின் கைப்பிடி, அதற்குக் கீழே தளம். இணைப்பு இன்னும் வரவில்லை. நின்றுவிடும் என்று நினைத்தான். இயந்திரம் நிற்கவில்லை. விழுங்கியதை விழுங்கியபடியே, யாருக்கு என்ன நடக்கிறது என்ற அக்கறை இல்லாமல், கோடு கோடாக வெளியே தள்ளியது. கடைசியில் தாள் அறுந்து அவன் கையில் விழுந்தது.

இருபத்துநாலு.

அவன் அதைச் சுருட்டிக்கொண்டு சாலையைக் கடந்த விதத்தைப் பற்றி இரண்டு லாரி ஓட்டுநர்கள் நெடுநேரம் பேசியிருப்பார்கள்.

*

குழுவில் மூன்று பேர். தலைவர் தாளை இரண்டு முறை படித்தார். அடியில் இருந்த வரியை மூன்று முறை படித்தார். சரிபார்ப்பாளர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொழில்நுட்பச் சாட்சியாக வந்திருந்த ஒருவாசல், சர்வர்களுக்கிடையே பதிவது நின்றுபோயிருக்கிறது, அது தனக்கே இன்றுதான் தெரியும், உடனே சரிசெய்துவிட்டேன், இயந்திரம் என்றால் இப்படித்தான் என்றார். தலைவர் அனுதாபமாகத் தலையசைத்தார். இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால் யாருக்கும் வலிக்காது.

துப்பறிவாளர் மச்சினனின் போனை மேஜையில் வைத்தார். அதன் பக்கத்தில் அட்டையின் இரண்டு படங்களையும் கணக்கெடுத்து எழுதிய ஒரு சீட்டு.

"பழைய கட்டிடத்து அட்டையில இருபத்துமூணு வாழ்த்து. புதுக்கட்டிடத்து அட்டையில பத்தொம்பது. மொத்தம் நாப்பத்திரண்டு. ஆனா ரெண்டு கட்டிடத்துலயும் சேத்து எழுதின ஆளுங்க நாப்பத்தொண்ணுதான்."

"ஒருத்தர் ரெண்டு தடவ வாழ்த்தினா குத்தமா?" என்றார் தலைவர்.

"பொது ஒண்ணுன்னு நம்பறவங்க ஒரு தடவதான் வாழ்த்துவாங்க, சார். ரெண்டுன்னு தெரிஞ்சவரு மட்டும்தான், யாரும் தப்பா நெனச்சுக்கக்கூடாதுன்னு, சாலையத் தாண்டிப் போயும் ஒரு தடவ எழுதுவாரு. அட்டையில தேதி இருக்கு. ரெண்டும் எட்டாம் தேதி. விபத்துக்கு எட்டு நாள் முன்னாடி."

மச்சினன் ஒருவாசலைப் பார்த்தான். அந்த அன்பான முகம் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த ஆள் மட்டும் எழுந்து போய்விட்டார்.

பிறகு அவர் சொன்னார். மூன்றாம் தேதி பழைய சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு மதியத்துக்கு என்று பதிவதை நிறுத்தினார். மறுபடி ஓடவிடப் போனபோது இரண்டு பக்கமும் ஆட்கள் எழுதிவிட்டிருந்தார்கள். ஓடவிட்டால் யாருடைய வேலையாவது அழியும், ஏன் என்று கேட்பார்கள். ஒரே வாசல் என்று பெயர் வாங்கியவர். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாளும் நினைத்தார்.

"இந்த வரைபடத்த அந்தக் கட்டிடத்துல எப்ப தொறந்து பாத்தீங்க?" துப்பறிவாளரின் குரல் தணிந்திருந்தது.

"பதினேழாம் தேதி. காலைல."

சரிபார்ப்பாளர் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"பதினேழாம் தேதி மத்தியானம்தான் என் கணக்கப் பூட்டினீங்க," என்றாள். "இருபத்துநாலப் பாத்துட்டுத்தான் பூட்டினீங்க."

தலைவர் பேனாவைத் திறந்து, எழுதியிருந்த ஒரு பத்தியை மேலிருந்து கீழாக நிதானமாக அடித்தார். சரிபார்ப்பாளரின் கையெழுத்துரிமை தொடரும் என்றார். ஒருவாசலை வெளியே போகாமல் உட்காரச் சொன்னார்.

அவள் நன்றி சொல்லவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு வேணும், சார். தம்பிகிட்ட காட்டணும். வாயால சொன்னா நம்ப மாட்டான்."

தலைவர் சங்கடப்பட்டார். இருக்கிற ஒரே ஆதாரம் அது. விசாரணைக் கோப்பில்தான் சேர வேண்டும், அறையை விட்டு வெளியே போக முடியாது என்றார். அவள் தலையாட்டினாள். நியாயம் அவளுக்குப் புரிந்தது. கை மட்டும் தாளின் ஓரத்தை விடவில்லை.

"ஒரு நிமிஷம்," என்று துப்பறிவாளர் தாளை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

அறையின் மூலையில் ஒரு நகல் இயந்திரம் இருந்தது. ஆள் உயரத் தாள் அதில் அடங்காது. போல்ட் எண்ணும், அடியில் உள்ள பெயரும் தேதியும் ஒரே பக்கத்தில் வரும்படி அவர் பொறுமையாக மடித்தார்; முதல் மடிப்பு சரியாக வராமல் பிரித்து மறுபடி மடித்தார். மூடியைச் சாத்தினார். பச்சை வெளிச்சம் ஒரு முறை ஓடியது.

முதல் பிரதியை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடிக்கக்கூடச் செய்யாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

துப்பறிவாளர் மூடியைத் திறக்கவில்லை. பிறகு இன்னொரு முறை அழுத்தினார், இன்னும் ஒரு முறை அழுத்தினார். ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாவதை, முகத்தைப் பார்க்காமல், மச்சினனிடம் நீட்டினார்.